பூட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் பூட்டுக்காரர் என்று பெயர் விழுந்ததற்கு அவரேதான் காரணம். நாங்கள் குடிவந்த புதிதில், கீழே சைக்கிள் கடை வைத்திருந்தவர், "சாருக்கு என்ன வேலை?" என்று மரியாதைக்குக் கேட்டார். கம்ப்யூட்டர் வேலை என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் படியேறியிருக்கலாம். இவர் நின்று, நிதானமாக, "பூட்லோடர் எழுதறேன்" என்றார். கடைக்காரர் காதில் பூட்டு மட்டும் விழுந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எதிர்வீட்டு அம்மா வந்து, பீரோ சாவி தொலைந்துவிட்டது, கொஞ்சம் வந்து திறந்து கொடுங்கள் என்று கூப்பிட்டார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். ஸ்க்ரூடிரைவரும் கையுமாகப் போய், அரை நாள் மல்லுக்கட்டி, திறந்தும் கொடுத்துவிட்டு வந்தார். அதோடு பட்டம் நிலைத்துவிட்டது.

அந்த வீட்டை விட்டு வந்து வெகு நாளாகிவிட்டது. இன்றும் எங்காவது பங்க்சர் ஒட்டும் பசை வாசனை வந்தால் எனக்கு அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வரும். முன்னறை, பின்னறை, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய சமையலறை. கீழே கடைக்காரர் டியூபைத் தண்ணீர் வாளியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருப்பார். மேலே இவர் முன்னறை மேசையில் பச்சைப் பலகைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒயரும் காகிதமுமாகக் குமிழி தேடிக்கொண்டிருப்பார். நான் காலையில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருந்தேன். அங்கே வருகிறவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள். வீட்டுக்கு வந்தால் இவர் வாயை மூடமாட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது நினைத்தால் அந்தச் சத்தத்துக்கு மனசு ஏங்குகிறது.

இவர் வேலை பார்த்தது, லிஃப்டுக்குள் இருக்கும் பொத்தான் பலகைகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். ஜன்னல் இல்லாத நீளமான ஓர் அறை. சுவரில் ஒரு லிஃப்ட் பலகையை மாட்டி வைத்திருந்தார்கள், சோதனைக்காக. லிஃப்ட் கிடையாது, பலகை மட்டும். சாப்பாடு கொண்டு போகும்போதெல்லாம் நான் நாலாம் மாடிப் பொத்தானை அமுக்குவேன். எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும், நாலில் மணி அடிக்கும். நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். அந்த அறையில் இவரும், பலகைகளில் பற்றவைப்பு வேலை பார்க்கிற இன்னொருவரும் இருந்தார்கள். கையில் எப்போதும் ஈயக் கம்பி இருந்ததால் அவருக்கு ஈயம் என்றே பெயர்.

இவர் வேலையை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். அந்தப் பலகைக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கரண்ட் வந்ததும் அதில் முதலில் கண் விழிப்பது இவர் எழுதுகிற பூட்லோடர். விழித்தால் மட்டும் போதுமா? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதற்கு ஒன்றுமே தெரியாது. மாடி எண் காட்டும் திரை உண்டா, மணி உண்டா, கதவு மூடியதா என்று பார்த்துச் சொல்லும் சென்சார் எந்த மூலையில் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் மரம் மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். வேர், அதற்குக் கீழே கிளை, கிளைக்குக் கீழே கிளை. பூட்லோடர் அந்த மரத்தை வாசித்து, ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பும். மரத்தில் ஒரு வரி பிசகினால் லிஃப்ட் கண்ணைத் திறக்காது.

கிளை என்பது நான் சொல்வது. அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மேலே இருப்பது அப்பன், கீழே இருப்பது பிள்ளை, பக்கத்தில் இருப்பவன் அண்ணன் தம்பி. புத்தகத்தில் இங்கிலீஷிலேயே அப்படித்தான் இருக்கிறதாம். தமிழில் சொல்லும்போது அது குடும்பச் சண்டை மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரோடு, என்னைத் தெரியவில்லையா, சரி, எங்கள் பெரியப்பா மகனைத் தெரியுமா, அவனை நடத்துகிற மாதிரியே என்னையும் நடத்து என்று ஒரு வரி வைத்திருக்குமாம். கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கிறவர்கள் பேசுகிற பேச்சு. விலாசத்தில்தான் பெரிய வம்பு. பிள்ளையின் விலாசத்தை ஒரே எண்ணாக வாசிப்பதா, இரண்டு எண்ணாக வாசிப்பதா என்று நேர் மேலே இருக்கிற அப்பன்தான் சொல்லவேண்டும். தாத்தா சொல்லியிருந்தாலும் செல்லாது. ஈயம் ஒவ்வொரு தடவையும் தாத்தாவை நம்பி மோசம் போவார். உடனே இவருக்குப் போன் வரும்.

போனில் இவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். "அந்த மூணாவது பிள்ளை செத்துக் கெடக்குய்யா, அதை எதுக்கு எழுப்பறே?" "அப்பனையே தூக்கிடு, பிள்ளைங்க தானா போயிடும்!" தபால்காரர் ஒருநாள் வாசலில் தயங்கி நின்று, வீட்டில் எல்லாரும் நலமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் எனக்குச் சில நாள் சிரிப்பு வராது. எங்களுக்குக் குழந்தை இல்லை. நாள் முழுக்கப் பிள்ளை பிள்ளை என்று கத்துகிற வீட்டில் பிள்ளை மட்டும் இல்லை. ஒருநாள் அதற்காக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம், இவர் போனில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த கரண்டியை வீசிவிட்டேன். "ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் பிள்ளை தேடிக் குடுக்கறீங்க. எனக்கு?" என்று கேட்டேன். அவர் போனை வைத்தார். கரண்டியை எடுத்துக் கழுவினார். துடைத்து வைத்துவிட்டு, "ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கலாமா?" என்றார். நான் அழுதேன், அவரும் அழுதார். மறுநாளே தத்தெடுக்க எழுதிக் கொடுத்தோம்.

எழுதிக் கொடுத்தால் ஆயிற்றா? ஓடியாடிச் செருப்புத் தேய்ந்தது. இவருக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் சட்டப்படி முடியாது என்றார்கள். கடைசியில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஒரு பெண் குழந்தையைக் காட்டினார்கள். நாலு வயது இருக்கும். வட்ட முகம், எதையும் கேட்காத கண். குட்டி என்று அங்கே கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரியம்மா வந்தார். சிரிக்காத முகம், மடியில் கோப்பு. நான் விழுந்து விழுந்து கவனித்தேன். இவரிடம், "உங்க வேலை என்ன?" என்று கேட்டார். நான் பயந்த மாதிரியே மனிதர் மரத்தை விரித்துவிட்டார். "எந்தப் பிள்ளை உதவாதோ, அதை அணைச்சு வெச்சுடுவோம் மேடம். அப்புறம் யாரும் அது பக்கம் போகமாட்டாங்க" என்றார், உற்சாகமாக. அதிகாரியம்மாவின் பேனா நின்றது. மேசைக்குக் கீழே நான் மிதித்த மிதியில் இவர் கால் இன்னும் வலிக்க வேண்டும்.

ஆனால் அந்த அம்மா லேசுப்பட்டவர் இல்லை. கோப்பை மூடிவிட்டு, "சரி, ஒரு பிள்ளைகிட்டப் போய் உன் அப்பா யாருன்னு கேட்டா அது சொல்லுமா?" என்று கேட்டார்.

"சொல்லாது மேடம். அதுக்குத் தெரியாது. நாமதான் வேர்லேருந்து ஒவ்வொண்ணா எறங்கி வந்து பாக்கணும். அப்பனைத் தேடறது பிள்ளையோட வேலை இல்ல."

அவர் இவரையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, குரலைத் தணித்துச் சொன்னார். "இந்தக் குழந்தையை முன்னாடி ஒரு வீட்டுல எடுத்துட்டுப் போனாங்க. ராத்திரியெல்லாம் அழுது, எங்களால முடியலைன்னு கொண்டு வந்து விட்டுட்டாங்க. இன்னொரு தடவை அது திரும்பி வந்தா தாங்காது. தத்து உத்தரவு வர வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். அதுக்கு உங்க வீடு ஒத்துப்போகுதான்னு நான் வந்து பாப்பேன். இல்லைன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்." எழுந்து செருப்பை மாட்டும்போது, "சார், குழந்தை இருக்கற எடத்துல அந்தப் பேச்சை மட்டும் மாத்திக்கங்க" என்றார்.

மாற்றிக்கொள்வதாக இவர் சத்தியம் செய்யாத குறை. ஈயத்திடமும் சொல்லி, இனிமேல் பிள்ளை இல்லை, கிளை என்று பேசிவைத்துக்கொண்டார்கள். வாயில் வரவேண்டுமே! "அந்தப் பி... கிளை" என்று திக்கித் திக்கிப் பேசுவார். நான் சமையலறையில் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரிப்பேன்.

குட்டி ஒரு துணிப்பையோடு வந்தாள். உடுப்புகளை அலமாரியில் வைக்கலாம் வா என்றேன். தலையாட்டினாள், ஆனால் பையை விடவில்லை. குளித்து முடித்ததும் போட்டிருந்த உடுப்பைத் தானே மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துவிடுவாள். நான் வற்புறுத்தவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், சொன்னபோது தூங்கினாள். அழவே இல்லை. ராத்திரி எழுந்து எழுந்து பார்ப்பேன், கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பாள். "பாத்தீங்களா, நம்மகிட்ட வந்து அழவே மாட்டேங்கறா" என்று நான் பெருமைப்பட்டேன். டாக்டரிடம் வருகிறவர்களிடம்கூட, பல் பிடுங்கப் போகிறவர்களிடம், சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். இவர் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் இவரைக் கூப்பிடுவதே இல்லை. பேசவேண்டி வந்தால் என்னிடம், "அவரு" என்பாள்.

அன்றைக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், குட்டி முன்னறையில் காலி ஈயச் சுருள்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாக மாட்டிய லிஃப்ட் எழவில்லை, வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருக்கிறது, ஈயம் அங்கேயிருந்து பதறுகிறார். ஒயரை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கதவு சென்சாரை அவர் வேறு இடத்தில் செருகி, மரத்திலும் அதை வேறு அப்பனுக்குக் கீழே மாற்றியிருந்தார். விலாசத்தை மட்டும் பழையபடி இரண்டு எண்ணாகவே விட்டுவிட்டார். புது அப்பன் ஒரே எண் வாசிக்கிறவன். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது என் காதில் விழுந்தது இவர் குரல் மட்டும்தான். கிளை என்ற வார்த்தை போன இடம் தெரியவில்லை.

"அந்தப் பிள்ளையை இந்த அப்பன்கிட்டக் கொண்டு வந்து விட்டதுதான்யா தப்பு! தாத்தா சொன்னா செல்லாதுன்னு எத்தனை தடவை சொல்றது? இவன் பாஷை வேற, அது பாஷை வேற. ஒத்து வராது. அது வந்ததுலேருந்துதானே இங்க எதுவுமே ஓடலை? பேசாம அந்தப் பிள்ளையை முன்ன இருந்த எடத்துக்கே திருப்பி அனுப்பிடு!"

போனை வைத்துவிட்டு, வேறு ஏதோ காகிதத்தைத் தேடிப் பின்னறைக்குப் போனார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஈயச் சுருள்கள் மேசைக்குக் கீழே வரிசையாக இருந்தன. குட்டி இல்லை. வாசற்கதவு திறந்து கிடந்தது.

மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள். மடியில் பை.

"என்னடா கண்ணு, எங்க கெளம்பிட்டே?"

"திரும்பி" என்றாள்.

"எங்க திரும்பி?"

"முன்ன இருந்த எடத்துக்கு. அவரு சொன்னாரு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, ஏதோ கணக்கு தப்பாகிவிட்ட மாதிரி கேட்டாள். "நான் அழவே இல்லையே?"

இத்தனை நாளும் நான் பெருமையடித்துக்கொண்டது இதையா? ராத்திரியில் அசையாமல் படுத்திருந்ததெல்லாம் இதற்கா? திரும்பினால் இவர் எனக்குப் பின்னால் நிற்கிறார், முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிமிஷம் அவரைக் கொன்று போட்டிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் விலகி வழி விட்டேன்.

உன்னைச் சொல்லவில்லை, ஒரு லிஃப்டைச் சொன்னேன் என்று நாலு வயசுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் நம்புமா? இதற்கு முன்னாலும் யாரோ எதையோ இனிப்பாகச் சொல்லித்தானே கொண்டு போய் விட்டிருப்பார்கள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவள் ஷூக்களைக் கழற்றி, சரியான காலில் மாட்டிவிட்டார். அவள் காலை நீட்டிக் கொடுத்தாள். எப்போதும் போலச் சொன்னபடி கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு போனை எடுத்தார். நான் பிடுங்கப் போனேன். கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, எப்போதும் போலத் தெருமுனை வரை கேட்கிற குரலில் பேசினார்.

"ஈயம், நான் சொன்னது தப்பு. அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதே... ஆமாய்யா, வேணாம். அது மேல ஒரு தப்பும் இல்ல. புது எடத்துக்கு வந்துடுச்சு, நாமதான் விலாசத்தை மாத்தாம விட்டுட்டோம். அது எப்படி எழும்? விலாசத்தைப் புதுசா எழுது. இந்த அப்பனுக்குப் புரியற மாதிரி எழுது... இல்லய்யா, எங்கயும் போகாது. இனிமே இதுதான் அதோட எடம்."

போனுக்குள் ஈயத்தின் குரல் லொடலொடவென்று கேட்டது. என்னண்ணே, உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டிருப்பார் போல. "எழுதிட்டு ஆன் பண்ணு. நான் லைன்லயே இருக்கேன்" என்றார்.

மூன்று பேரும் படியில் இருந்தோம். கீழே டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம். குட்டி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆஸ்பத்திரியும் தெரியவில்லை, லிஃப்டும் தெரியவில்லை. அந்தச் சென்சார் எழவேண்டுமே என்று, பெற்றவள் மாதிரி வேண்டிக்கொண்டேன். சற்று நேரத்தில் போனுக்குள்ளிருந்து மணி அடித்தது, சுவரில் மாட்டிய பலகையில் நான் நாலாம் மாடிக்குப் போகும்போது அடிக்குமே, அதே மணி. "எழுந்துடுச்சுண்ணே!" என்று ஈயம் கத்தினார்.

குட்டி இவரைப் பார்த்தாள். "அது போகலையா?" என்று கேட்டாள். நேராக இவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"போகலை."

"அழுதாலும்?"

ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற மனிதர் தலையை மட்டும் ஆட்டினார். "அழுதாலும்" என்று நான்தான் சொன்னேன்.

முதலில் உதடு கோணியது. பிறகு ஒரு விக்கல். அப்புறம் வந்தது பாருங்கள், அழுகை! நாலு வயசு உடம்புக்குள் அவ்வளவு இருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள். பை மடியிலிருந்து சரிந்து படிப்படியாக உருண்டு கீழே போய் விழுந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட, வீறிட்டு அழுதாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டு ஜன்னலும் திறந்தது. நான் அடக்கப் போனேன். இவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

சைக்கிள் கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறி வந்து, பதறிப்போய் நின்றார். "என்ன சார், குழந்தை இப்படி அழுவுது? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் இவர், அவளை இன்னும் இறுக்கிக்கொண்டு. "எங்க பொண்ணு. அழத்தானே செய்வா."